எல்லா டேப்பும் ஒரே டேப் இல்லை

சென்னையில இருக்கிற என் அக்கா மகன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, வண்டி ஓட்டும்போது போடுற ரெயின்கோட் தோள்பட்டையில கிழிஞ்சுடுச்சு. வீட்டுல பிரவுன் டேப் இருக்கு, ஒட்டிடவா? இல்ல புதுசு வாங்கிடவா?"

பையன் சாதாரணமாத்தான் கேட்டான். ஆனா பிரவுன் டேப்னு அவன் சொன்னதும் எனக்கு வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. காரணம், போன ஐப்பசி.

எங்களுக்குத் தஞ்சை டெல்டாவோட கடைமடைப் பக்கம். குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணு முன்னே ஒண்ணு பின்னேன்னு ஓடி வர்ற காலம் அது. மெஷின் வச்சு அறுத்து, நெல்லைக் களத்துல கொட்டியாச்சு. கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதம்தான் விதி. வயல்ல இருந்து வந்த நெல்லு அதுக்கு மேலதான் இருக்கும். ரெண்டு நாள் நல்லா வெயில் காஞ்சா போதும்னு நினைச்சேன். வெயிலுக்குப் பதிலா மழை வந்துச்சு. நெல்லைக் கூட்டி அம்பாரமாக்கி, படுதாவைப் போர்த்தி, சுத்தி வர செங்கல் வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டோம்.

அந்தப் படுதா அஞ்சு வருஷத்துப் படுதா. எலி கடிச்ச ஓட்டை மூணு, கல்லுல இழுபட்டுக் கிழிஞ்சது ஒண்ணு. நான் ஒண்ணும் கவனிக்காம விட்டுடலை. ஆடி மாசமே உட்கார்ந்து நாலு இடத்துலயும் பிரவுன் டேப்பை அழகா குறுக்கும் நெடுக்குமா ஒட்டி வச்சிருந்தேன். பார்க்கறதுக்கு அவ்வளவு நேர்த்தியா இருந்துச்சு.

மூணு நாள் விடாம மழை. நாலாம் நாள் படுதாவைத் தூக்கினா ஆவி அடிக்குது, புளிச்ச வாடை வருது. டேப் சருகு மாதிரி பொரிஞ்சு ஒரு பக்கம் தொங்குது. நாலு ஓட்டைக்கும் நேர் கீழே, புனல் வச்சு ஊத்தின மாதிரி உள்ளே வரைக்கும் ஈரம். வெள்ளை வெள்ளையா முளை. அள்ளி ஒதுக்கினதுல ஏழு சிப்பம் போச்சு. சிப்பம் 40 கிலோ. தோராயமா ஆயிரம் ரூபாய்னு போட்டாலும் ஏழாயிரம்.

வீட்டுல ஒரு வார்த்தை கூடத் திட்டலை. முளைச்ச நெல்லை முறத்துல அள்ளிக்கிட்டே, "நாப்பது ரூபா டேப்பை நம்பினீங்க, போங்க"ன்னு மட்டும் சொன்னா. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் இந்த டேப் விஷயத்தைக் கொஞ்சம் ஒழுங்காத் தெரிஞ்சுக்கணும்னு உட்கார்ந்தேன். தெரிஞ்சதைச் சொல்றேன். டவுன்ல இருக்கிறவங்களுக்கும் ரெயின்கோட், ட்ரெக்கிங் பை, கூடாரம், குடைன்னு எல்லாம் இருக்கு. உங்களுக்கும் உதவும்.

டேப்னா ரெண்டு விஷயம்தான். ஒண்ணு முதுகு, அதாவது மேலே தெரியுற பட்டை. இன்னொண்ணு அடியில இருக்கிற பசை. முதுகு பிளாஸ்டிக்கா, துணியா, அலுமினியத் தகடாங்கிறது ஒரு கணக்கு. பசை ரப்பர் வகையா, அக்ரிலிக்கா, பியூட்டைலாங்கிறது இன்னொரு கணக்கு. இந்த ரெண்டு கணக்கும், நாம ஒட்டப்போற பொருளோட கணக்கும் ஒத்துப் போனாத்தான் ஒட்டும். நாம என்ன செய்யறோம்? கடையில போய் "ஒரு டேப் குடுங்க"ங்கிறோம். அவரும் கையில கிடைச்சதை எடுத்துக் குடுக்கிறார். மருந்துக் கடையில போய் "ஒரு மாத்திரை குடுங்க"ன்னு கேட்போமா?

பிரவுன் டேப் அட்டைப்பெட்டி ஒட்டறதுக்குன்னே பிறந்தது. மெல்லிய பாலிப்ரொப்பிலீன் படலம். காகிதத்து மேல நல்லாப் பிடிக்கும், நிழல்ல நல்லா இருக்கும். வெயில்ல போட்டா சில வாரத்துலயே நொறுங்க ஆரம்பிச்சுடும். பெட்டிக்கு அது போதும், ஏன்னா பெட்டி ஊர் போய்ச் சேர்ந்ததும் பிரிச்சுடுவாங்க. தப்பு டேப் மேல இல்லை, அதைக் கொண்டுபோய் களத்துல ஒட்டின என் மேல.

அடுத்தது டக்ட் டேப். சாம்பல் கலர், உள்ளே துணி வலை இருக்கும், கையாலேயே கிழிக்கலாம். இதுக்கு ஒரு கதை இருக்கு. ரெண்டாம் உலகப் போர் சமயம், அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல வெடிமருந்துத் தொழிற்சாலையில வேலை பார்த்த வெஸ்டா ஸ்டவுட்ங்கிற அம்மா, தோட்டாப் பெட்டியைக் காகித டேப் போட்டு மெழுகுல முக்கறதைப் பார்த்திருக்காங்க. இழுத்தா டேப் அறுந்து போகும், பெட்டி திறக்காது. சண்டை நேரத்துல சிப்பாய் பெட்டியோட மல்லுக்கட்டிக்கிட்டு நிப்பானேன்னு, தண்ணி புகாத துணி டேப் போடலாம்னு யோசனை சொன்னாங்க. மேலதிகாரிங்க காதுல ஏறலை. 1943ல நேரா ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதிட்டாங்க. அவங்களோட ரெண்டு பையன்களும் கடற்படையில இருந்தாங்க. அந்த யோசனைதான் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி தயாரிச்ச துணி டேப்பா வந்துச்சு. டேப் விட்டுப் போனா யாருக்கு என்ன ஆகும்னு யோசிச்ச ஒரு தாயோட வேலை அது. எனக்குப் பிடிச்ச கதை.

ஆனா டக்ட் டேப்பும் அவசரத்துக்குத்தான். அதோட ரப்பர் பசை நம்ம ஊர் வெயில்ல இளகி ஒழுகும், அப்புறம் காஞ்சு பொருக்காகும். உரிச்சு எடுத்தா பிசுபிசுன்னு ஒரு கறை தங்கும். அந்தக் கறை மேல அடுத்து எந்த டேப்பும் ஒழுங்கா ஒட்டாது. மழையில நடு ரோட்டுல பை கிழிஞ்சா ஒட்டிக்கிட்டு வீடு வந்து சேரலாம். வீடு வந்ததும் உரிச்சுட்டு முறையா ஒட்டு போடணும்.

கறுப்பு இன்சுலேஷன் டேப் இருக்கே, அதை நாங்க எல்லாத்துக்கும் சுத்துவோம். மண்வெட்டிப் பிடி, டார்ச் லைட், குடைக் கம்பி. பிவிசி டேப் அது. இழுத்துச் சுத்தினா அது மேலேயே அது பிடிச்சுக்கும், அதனால உருண்டையான பொருளுக்குச் சரி. தட்டையா இருக்கிற ரெயின்கோட்லயோ பையிலயோ ஒட்டினா, இழுத்த இழுப்பு மெல்லச் சுருங்கி ஓரம் கிளம்பிடும்.

டெஃப்லான் டேப்னு வெள்ளையா ஒண்ணு பிளம்பர் வச்சிருப்பார். அதுல பசையே கிடையாது. குழாய் மரையில சுத்தறதுக்கு மட்டும்தான். அதை வாங்கிட்டு வந்து குடையில ஒட்டப் பார்த்த ஆள் ஒருத்தரை எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன், கண்ணாடியில தினமும் பார்க்கிறேன்.

இப்ப படுதாவுக்கு வருவோம். நாம வாங்கற நீலம், மஞ்சள் படுதா எல்லாம் பாலிஎத்திலீன். நாடாவா நெய்து, ரெண்டு பக்கமும் அதே பிளாஸ்டிக்கைப் பூசியிருப்பாங்க. பாலிஎத்திலீன் மேல சாதாரணமா எந்தப் பசையும் நல்லாப் பிடிக்காது. தாமரை இலையில தண்ணி மாதிரி, பசை பரவாம நிக்கும். அதனால படுதாவுக்குன்னே விக்கிற டேப் இருந்தா வாங்கலாம். வெயில் தாங்கும்னு அதுல போட்டிருக்கான்னு பாருங்க. அதைவிட நல்ல வழி சூடு. பழைய படுதாத் துண்டு ஒண்ணை, ஓட்டையைவிட நாலு பக்கமும் மூணு விரக்கடை பெருசா வெட்டி வச்சு, மேலயும் கீழயும் கேக் சுடறப்ப தட்டுல போடுவாங்களே அந்தக் காகிதத்தை வச்சு, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டுல அழுத்தினா ரெண்டும் உருகி ஒண்ணாயிடும். முதல்ல ஒரு ஓரத்துல சோதிச்சுப் பாருங்க. சூடு அதிகமானா ஓட்டை பெருசாகும். புகை வந்தா நிறுத்திடணும். திறந்த வெளியில செய்யணும். ஊசி நூல் போடாதீங்க. ஒவ்வொரு தையலும் ஒரு புது ஓட்டை.

ரெயின்கோட்டுல ரெண்டு சாதி உண்டு. ஒண்ணு முழுக்க பிளாஸ்டிக், பிவிசி. அதுக்கு வினைல் பசைன்னு தனியா விக்குது. அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டை வச்சு அந்தப் பசையில ஒட்டினா நிக்கும். குழாய் ஒட்டற சொல்யூஷனைப் போட்டுடாதீங்க, அந்த இடம் விறைச்சுப் போய் அடுத்த மடிப்புல வெடிக்கும்.

இன்னொண்ணு, வண்டிக்காரங்க போடுற துணி ரெயின்கோட். பாலியஸ்டரோ நைலானோ, உள்பக்கம் ஒரு பூச்சு இருக்கும். இதுக்குத்தான் மலையேறுறவங்க வச்சிருக்கிற ரிப்பேர் டேப் சரி. நைலான் துணி முதுகோ, பாலியூரித்தேன்னு சொல்ற ரப்பர் மாதிரி இழுபடுற படலமோ இருக்கும். துணியோட சேர்ந்து மடங்கும், சேர்ந்து நீளும். விலை கூடத்தான். ஆனா ஒரு ஒட்டுக்கு நாலு விரல் நீளம்தானே ஆகுது? அதே டேப் ட்ரெக்கிங் பைக்கும் ஆகும், குடைக்கும் ஆகும். சில கூடாரத் துணியில மட்டும் சிலிக்கான் பூசியிருப்பாங்க. அதுல இது பிடிக்காது, சிலிக்கான் பசைதான் பிடிக்கும்.

இன்னொண்ணு கவனிங்க. பல ரெயின்கோட்டுல துணி கிழியவே கிழிஞ்சிருக்காது, ஆனா தோள்ல ஒழுகும். உள்பக்கம் திருப்பிப் பார்த்தா தையல் மேல ஒரு விரல் அகலத்துக்குப் பளபளன்னு ஒரு பட்டை ஓடும். தையல் ஓட்டையை மூடுற சீம் டேப் அது. அது உரிஞ்சிருந்தா அங்கேதான் ஒழுகல். அதை மட்டும் சரி பண்ணினாப் போதும், கோட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

சேத்துல போடுற பூட்ஸ் ரப்பரா இருந்தா, சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டற மாதிரியே ட்யூப் துண்டு வச்சு ஒட்டலாம். பிவிசி பூட்ஸா இருந்தா அந்த சொல்யூஷன் பிடிக்காது. டேப் ரெண்டுக்குமே வேண்டாம். நடக்க நடக்க மடங்குற இடத்துல டேப் நிக்காது.

எந்த டேப்பா இருந்தாலும் ஒட்டுற முறைதான் பாதி பலம். முதல்ல நல்லாக் கழுவிக் காய வைக்கணும். அப்புறம் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கணும். எண்ணெய்ப் பசை, தூசி எதுவும் இருக்கக் கூடாது. ஒட்டற துண்டோட மூலையை வட்டமா வெட்டணும். கூர் மூலைதான் முதல்ல கிளம்பும். கிழிசலைவிட ஒரு அங்குலம் சுத்தி வர அதிகம் இருக்கணும். முடிஞ்சா உள்ளேயும் வெளியேயும் ரெண்டு பக்கமும் ஒட்டணும். ஸ்பூனோட முதுகுப் பக்கத்தால நல்லா அழுத்தித் தேய்க்கணும். இந்தப் பசைக்கு அழுத்தம்தான் உயிர். அழுத்தினாத்தான் துணியோட மேடு பள்ளத்துல இறங்கிப் பிடிக்கும். ஒரு நாள் முழுக்க விட்டுட்டுத்தான் மழையில காட்டணும்.

தூசி விஷயத்தைச் சும்மா சொல்லலை. 1972ல அப்பல்லோ 17ல நிலாவுக்குப் போனவங்க அங்கே ஓட்டின வண்டியோட மட்கார்டு ஒடைஞ்சு போச்சு. டக்ட் டேப் போட்டு ஒட்டினாங்க. நிலா மண்ணோட தூசி ஒட்ட விடலை, அன்னைக்கே விட்டுப் போச்சு. மறுநாள் வரைபடத் தாள் நாலை டேப்பால ஒண்ணா ஒட்டி, கிளாம்ப் போட்டு மாட்டித்தான் ஓட்டினாங்க. நிலாவுக்குப் போனவங்களுக்கே தூசி மேல டேப் பிடிக்கலைன்னா, என் களத்துல மட்டும் பிடிச்சுடுமா?

இதுவரைக்கும் சொன்னது எப்படி ஒட்டணும்னு. எங்கே ஒட்டவே கூடாதுங்கிறதுதான் நான் முக்கியமாச் சொல்ல வந்தது.

பல வருஷத்துக்கு முந்தி, எங்க வயலுக்கு மருந்து அடிக்க வர்ற அண்ணன் ஒருத்தர், ஸ்பிரேயர் டேங்க் அடியில கசியுதுன்னு சொன்னார். வேலை அவசரம். நான்தான் டக்ட் டேப்பை எடுத்து ரெண்டு சுத்து சுத்தி, "இன்னைக்கு ஓட்டிடுங்கண்ணே, நாளைக்கு மாத்திடலாம்"னு குடுத்தேன். அவரும் நம்பி முதுகுல மாட்டிக்கிட்டார். அரை மணி நேரத்துல டேப் நெகிழ்ந்து, மருந்து சொட்டுச் சொட்டா முதுகு முழுக்க இறங்கியிருக்கு. வியர்வைன்னு நினைச்சிருக்கார். சாயங்காலம் தலை சுத்துது, குமட்டுதுன்னு வரப்புல உட்கார்ந்துட்டார். சட்டையைக் கழட்டிக் குளிக்க வச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினேன். ரெண்டு நாள்ல சரியாயிட்டார். எனக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் சரியாகலை. பூச்சி மருந்து வாய் வழியா மட்டும் இல்லை, தோல் வழியாவும் உடம்புக்குள்ள போகும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் டேப் ஒட்டிக் குடுத்தேன். கழண்டது ஒரு வாஷர். அதைப் புதுசா வாங்கிப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

ஸ்பிரேயர் டேங்க், மருந்து போற ஹோஸ், மருந்துக்குப் போடுற கையுறை. இதுல எதுக்கும் டேப் கிடையாது. மாத்தணும், அவ்வளவுதான். கரண்டும் அப்படித்தான். மோட்டார் ஒயர்ல தோல் உரிஞ்ச இடத்துல கையில கிடைச்ச டேப்பைச் சுத்தறது ஈர வயல்ல எமனைக் கூப்பிடற வேலை. நீர்மூழ்கி மோட்டார் கேபிள் ஜாயின்டுக்கு முதல்ல இழுத்துச் சுத்தற ரப்பர் டேப், அது மேல பிவிசி டேப்னு முறை இருக்கு. தெரிஞ்ச ஆளை வச்சு, மெயினை அணைச்சுட்டுத்தான் செய்யணும்.

ஒட்டு போடறது கஞ்சத்தனம்னு டவுன்ல நினைக்கிறாங்க. புதுசு வாங்கினாத்தான் கௌரவம்னு கிராமத்துலயும் இப்ப நினைக்க ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு ரெண்டுமே ஒப்புதல் இல்லை. எங்க பாட்டி காலத்துல உரச் சாக்கை மடிச்சுக் கொங்காணி போட்டுக்கிட்டு நாத்து நட்டாங்க. கிழிஞ்சா தைச்சாங்க, அதுக்கும் மேல கிழிஞ்சா மிதியடி ஆச்சு. அதை நான் பெருமையாச் சொல்லலை. அவங்க நனைஞ்சுக்கிட்டேதான் நட்டாங்க. இப்பவும் எங்க வயல்ல நடவுக்கு வர்ற அக்காமாருக்கு, பண்ணைக்காரங்க வீட்டுல கிழிஞ்ச ரெயின்கோட்டுல டேப் ஒட்டித்தான் குடுக்கிறாங்க. நமக்கு வேண்டாம்னு ஆனதை அடுத்தவங்களுக்கு ஒட்டிக் குடுக்கிறதுக்குப் பேர் சிக்கனம் இல்லை. நான் போட்டுக்கிட்டு மழையில நிப்பேனான்னு கேட்டுப் பார்த்துட்டுத்தான் குடுக்கணும்.

அதே மாதிரி டேப் செய்யறவங்களையும் ஒண்ணு கேட்கணும். சுருள் உள்பக்க அட்டையில கம்பெனி பேரும் நீளமும் அகலமும் போடறீங்க. இது எதுல ஒட்டும், எதுல ஒட்டாது, வெயில்ல எத்தனை நாள் தாங்கும்னு மூணு வரி தமிழ்ல போட்டா என்ன? பூச்சி மருந்து டப்பாவுல சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு நாலு கலர் முக்கோணம் போட்டிருக்கிறதால, படிக்கத் தெரியாதவங்களுக்கும் எது அதிக விஷம்னு தெரியுது. டேப்புக்கு அவ்வளவு கூட வேண்டாம். ஒரு சூரியன் படம் போட்டு அதுல ஒரு கோடு கிழிச்சிருந்தா, நான் பிரவுன் டேப்பைக் களத்துக்கு எடுத்துட்டே போயிருக்க மாட்டேன்.

அக்கா மகன்கிட்ட ரெயின்கோட்டைத் திருப்பி உள்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். துணி கிழியலை, சீம் டேப்தான் ஒரு சாண் நீளத்துக்கு உரிஞ்சிருந்துச்சு. அந்த டேப்பும் ஸ்பிரிட்டும் வாங்கி, நான் சொன்ன மாதிரியே ஒட்டி, பாத்ரூம்ல ஷவருக்கு அடியில கோட்டோட நின்னு பார்த்தானாம். "ஒரு சொட்டு இறங்கலை மாமா"ன்னான்.

நம்ம படுதாவுக்கும் இஸ்திரி போட்டாச்சு. நாலு ஒட்டு. நேத்து நாலு மூலையிலயும் கயிறு கட்டித் தொட்டில் மாதிரி தொங்கவிட்டு, நாலு குடம் தண்ணி ஊத்தி வச்சோம். வீட்டுல அடியில உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தா. ரொம்ப நேரம் கழிச்சு, "சரி, இந்த வருஷம் இதைப் போர்த்தலாம்"னு எழுந்து போனா.